18 முடிந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத கல்லூரி மாணவர்கள்: எங்கிருந்து தொடங்குவது?

விடுதிப்பொறுப்பு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்டத்துக்காகக் கேட்கிறேன். விடுதியில் சுமார் 600 மாணவ மாணவியர். பெரும்பாலோர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பீகார், ஆந்திரப் பிள்ளைகளும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் 18 முடிந்துவிட்டது. ஓட்டர் ஐடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எழும்பும் கைகள் மிகக் குறைவு.

தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 வந்தால் உறுதிமொழி, பேரணி, கோலப்போட்டி எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. மறுநாள் யாரும் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐத் தொடுவதில்லை. "ஊருக்குப் போகும்போது பாத்துக்கலாம் சார்" என்பதோடு சரி. பெயர் இருப்பவர்களிலும் பலர் வாக்குப்பதிவு நாளில் விடுதி அறையிலேயே இருந்துவிடுகிறார்கள்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை கிடையாது" என்று சொல்லிக் கையைக் கழுவ மனம் வரவில்லை. முகாமை எப்படி நடத்தினால் பெயர் உண்மையிலேயே பட்டியலில் ஏறும்? விண்ணப்பங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன? இந்த வேலையை உள்ளிருந்து அறிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாகம்எண்112:

வணக்கம் சார். உறுதிமொழிக்கும் படிவத்துக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தால்கூட ஆள் நழுவிடுவாங்க. ரெண்டும் ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்தில் நடக்கணும். அதுக்கான தயாரிப்பு முகாமுக்கு ஒரு வாரம் முன்னாடியே தொடங்கணும்.

முதல் வேலை, தளம் தளமாகப் பெயர், பிறந்த தேதி, சொந்தத் தொகுதி மூணையும் எழுதி வாங்குங்க. தேர்தல் ஆணையத் தளத்தில் ஒவ்வொருத்தர் பெயரையும் தேடிப் பாருங்க. சில பிள்ளைங்க பெயரை அப்பாவோ பி.எல்.ஓ.வோ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஏற்கெனவே சேர்த்திருப்பாங்க, பிள்ளைக்கே தெரியாது. அப்படி இருக்கும்போது மறுபடியும் படிவம் 6 போட்டால் இரட்டைப் பதிவாகிடும். படிவம் 6 இப்போ எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவங்களுக்கு மட்டும்தான். முகவரி மாற்றம், பெயர்ப்பிழை, தொலைந்த அட்டை எல்லாத்துக்கும் படிவம் 8. வேற எங்கேயும் என் பெயர் இல்லைன்னு படிவம் 6இல் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடுறோம். அது தெரிந்தே சொன்ன பொய்யானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 31படி ஓராண்டு வரை சிறை இருக்கு. இதைப் பிள்ளைங்களிடம் தெளிவா சொல்லிடுங்க.

தேதிக் கணக்கும் முக்கியம். முன்னெல்லாம் 18 முடிஞ்சிருக்கான்னு பார்க்கிற தகுதி நாள் ஜனவரி 1 ஒண்ணுதான். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு நாலு. ஏப்ரல் 2ஆம் தேதி 18 ஆகிற பிள்ளைக்கு ஜூலை 1தான் கணக்கு. 17 முடிஞ்சவங்க முன்கூட்டியே விண்ணப்பம் போடலாம், தகுதி நாள் வந்ததும் அதை எடுத்துக்குவாங்க. அதனால முதலாண்டுப் பிள்ளைகளையும் விடாதீங்க.

வயதுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதும். முகவரிக்கு ஆதார், நடப்பு வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட் இதில் ஒண்ணு. இல்லேன்னா பெற்றோர் பெயரில் இருக்கிற மின்கட்டண ரசீதே ஆகும். படம் வெள்ளைப் பின்னணியில், முகம் நேராக. விடுதிச் சுவர் முன்னாடி ஒருத்தரை நிறுத்தி வரிசையா எடுத்திடலாம். கோப்பு ஒவ்வொண்ணும் 2 எம்.பி.க்குள் இருக்கட்டும்.

இனி, எங்கே தடுக்கும்னு சொல்றேன். பெயர்ப்பெட்டியிலேயே முதல் தடுக்கல். ஆங்கிலத்தில் அடிச்சதும் தமிழ்ப் பெட்டி தானா நிரம்பும். யாழினி 'யாலினி' ஆகும், எழிலரசி 'எலிலரசி' ஆகும். பிள்ளைங்க கவனிக்காம அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க, அது அப்படியே அட்டையில் அச்சாகி வரும். ஒவ்வொரு மேசையிலும் தமிழ்ப் பெட்டியைத் திருத்துறதுக்குன்னே ஒரு தன்னார்வலரை உட்கார வையுங்க. இனிஷியலும் தொல்லைதான். குடும்பப்பெயர் கேட்கிற இடத்தில் ஒருத்தர் அப்பா பெயரை முழுசா போடுவார், இன்னொருத்தர் சாதிப்பெயரை அடிப்பார். ஆதாரில் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது ஓ.டி.பி. இணையத்தில் போடும்போது ஆதாரோடு இணைஞ்ச கைபேசிக்கு எண் வரும். பாதிப் பிள்ளைங்களுக்கு அது அப்பா போன். பகல் பத்து மணிக்கு முகாம் வைச்சா அப்பா வயலிலோ பஸ் ஓட்டிக்கிட்டோ இருப்பார், எண் காலாவதியாகிடும். சாயங்காலம் ஆறரைக்கு மேல வையுங்க. வீட்டுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும், இல்லேன்னா ஏதோ மோசடின்னு நினைச்சு எண்ணைச் சொல்லவே மாட்டாங்க. அதுவும் ஆகலைன்னா காகிதப் படிவத்தைப் பூர்த்தி பண்ணி பி.எல்.ஓ. கையிலோ தாலுகா அலுவலகத்திலோ கொடுக்கலாம்.

அப்பா அல்லது அம்மாவோட எபிக் எண்ணை (ஓட்டர் ஐடி எண்) கண்டிப்பா போடச் சொல்லுங்க. அதை வைச்சுத்தான் ஒரே பாகத்தில், அதாவது ஒரே பூத்துக்கான பட்டியலில், குடும்பத்தோடு சேர்ப்பாங்க. இல்லேன்னா அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம்னு பூத் பிரியும்.

பெரும்பாலான விண்ணப்பம் சாகிற இடம் இதுதான்: வீட்டு விசாரணை. பி.எல்.ஓ. ஊரில் வீட்டுக்கு வந்து "இந்தப் பெயர்ல ஆள் இருக்காங்களா"ன்னு கேட்பார். பாட்டி வாசலில் நின்னு "அவன் இங்க இல்லப்பா, மெட்ராஸ்ல இருக்கான்"ன்னு உண்மையைச் சொல்லுவாங்க. 'முகவரியில் வசிக்கவில்லை'ன்னு குறிப்பு விழும், விண்ணப்பம் போச்சு. "படிக்கிறதுக்காக வெளியூர்ல இருக்கான், லீவுக்கு வருவான், இதுதான் அவன் வீடு" என்று சொல்லணும். அதுவும் உண்மைதான், சட்டப்படியும் போதும். முகாம் முடிஞ்ச கையோட ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் போன் போட்டு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிடணும். நீங்க வைக்கிற பேனர் எல்லாத்தையும் விட இந்தப் போன்தான் பெயரை ஏத்தும்.

ஒருத்தருக்குப் பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும். நாலு தன்னார்வலர் இருந்தா ஒரு மாலையில் 60 பேரை முடிக்கலாம். 600 பேரையும் ஒரே நாளில் கூட்டாதீங்க, தளம் பிரிச்சுப் பத்து நாள் நடத்துங்க. ஒவ்வொருத்தரோட குறிப்பு எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்க.

பகுதியும்தொகுதியும்:

மேலே சொன்ன நடைமுறைக்கு முழு உடன்பாடு. 'அக்கறை இல்லை' என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வயதுவாரியாக எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கை ஆணையம் வெளியிடுவதில்லை. வாக்குச்சாவடியில் எழுதப்படும் 17சி படிவத்தில் வயதுக்கு இடமே கிடையாது. ஆகவே "இளைஞர்கள் ஓட்டுப் போடவில்லை" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அது கருத்துக்கணிப்பிலிருந்து வந்ததா ஊகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதுவாரியாக அதிகாரபூர்வமாகத் தெரிவது பட்டியலில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கைதான். 2024 மக்களவைத் தேர்தலின்போது 18, 19 வயதில் பட்டியலில் இருந்தவர்கள் நாடு முழுக்கச் சுமார் 1.8 கோடி. அந்த வயதில் இருப்பவர்களில் இது பாதிகூட வராது. ஆக, முதல் குறை இருப்பது வாக்குச்சாவடி வரிசையில் அல்ல, பட்டியலில். அதனால்தான் விடுதியில் முகாம் போடுவது சரியான இடத்தில் கை வைப்பது என்கிறேன்.

இரண்டாவது, நகரத்துச் சதவீதம். 2024இல் மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் பதிவானது ஏறத்தாழ 54 சதவீதம், தருமபுரியில் 81. உடனே சென்னைக்காரர்களுக்குச் சோம்பேறிப் பட்டம். ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 1000 பெயர், வாக்களித்தவர்கள் 540. அந்த ஆயிரத்தில் 250 பேர் வீடு மாறியவர்கள், இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று வையுங்கள். உண்மையில் அங்கே இருந்தவர்கள் 750. அதில் 540 என்றால் 72 சதவீதம். பின்னத்தின் மேலே உள்ள தொகுதி எண்ணை (வாக்களித்தவர்கள்) தொடாமல் கீழே உள்ள பகுதி எண்ணை (பட்டியலில் இருப்பவர்கள்) திருத்தினாலே படம் மாறிவிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2025 நவம்பர் 4இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 40 லட்சத்தில் 14 லட்சம். அதில் பெரும்பகுதி வீடு மாறியவர்கள், ஆள் இல்லாதவர்கள் என்ற தலைப்பின் கீழ் போனது.

ஆனால் அந்தத் தலைப்புக்குள் உயிரோடிருக்கும் வாக்காளர்களும் அகப்படுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், விடுதியில் இருக்கும் பிள்ளைகள். அந்தத் திருத்தத்தின்போது தந்த கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டிலுள்ள வயது வந்த ஒருவர் கையெழுத்திட்டாலே போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனவே "என் பெயர் போன தேர்தலிலேயே இருந்தது" என்று சொல்லும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களையும் மறுபடி தேடச் சொல்லுங்கள். பெயர் நீங்கியிருந்தால் அவர்களும் படிவம் 6தான் போட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, உண்மையிலேயே வராதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். என் எடுத்துக்காட்டிலேயே 210 பேர் மிஞ்சுகிறார்கள். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவானது 43.59 சதவீதம், மாநிலச் சராசரி 60ஐத் தாண்டியது. பட்டியல் குறையை எவ்வளவு கழித்தாலும் அந்த இடைவெளி முழுதாக மறையாது.

விடுதிப்பொறுப்பு:

பாட்டி சொல்லும் பதிலில் விண்ணப்பம் விழும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகங்கள். விடுதி முகவரியில் பதிவு செய்யலாமா, சொந்த ஊர்தான் நல்லதா? படித்து முடித்து ஐ.டி. வேலைக்குப் போனவர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் விடுப்பு உரிமை உண்டா? மூன்றாவது, "யார் வந்தாலும் ஒண்ணுதான் சார், வேணும்னா நோட்டா போடுறேன்" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தாலுகாவாசல்:

முதல் சந்தேகத்துக்கு. இரண்டும் செல்லும், தேர்வு மாணவருடையது. விடுதி முகவரி என்றால் இரண்டு நிபந்தனை: படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும், முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட்ட போனஃபைட் சான்றிதழ் (இங்கே படிக்கிறார் என்பதற்கானது) இணைக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் வழக்கமாகத் தரும் போனஃபைடில் விடுதி முகவரி இருக்காது. ஆணையம் தந்திருக்கும் மாதிரியைப் பார்த்து அதே வடிவில் அச்சிட்டு மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால் முகாம் அன்று அலைய வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கணிப்பில், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர், வெளிமாநிலத்தவருக்கு விடுதி. தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அது செமஸ்டர் முடியும் காலம், பல விடுதிகள் காலியாக இருக்கும். தவிர, பொறியியல் கல்லூரிகள் பலவற்றை வாக்கு எண்ணும் மையமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது வளாகத்தின் ஒரு பகுதி மூடப்படும், பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். விடுதியில் பதிவு செய்த மாணவர் மதுரையில் இருப்பார், ஓட்டு மட்டும் இங்கே இருக்கும்.

இன்னொரு சிக்கல் நான்கு ஆண்டு கழித்து வரும். படிப்பு முடிந்து போகிறவர்கள் படிவம் 8 போட்டு மாற்றிக்கொள்வதில்லை. விடுதி முகவரியில் நூற்றுக்கணக்கான பெயர் அப்படியே தேங்கும். விசாரணையில் ஆளைக் காணாமல் 'வராதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர்' பட்டியலில் பெயர் ஏறும். 'பகுதியும்தொகுதியும்' மேலே சொன்ன ஊதிப்போன பகுதி எண் இப்படித்தான் உருவாகிறது. விடுதியில் பதிவு செய்வதானால், நோ டியூஸ் படிவத்தில் நூலகம், ஆய்வகத்தோடு 'படிவம் 8 போட்டாயிற்றா' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைக் கேட்க உங்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லை, ஆனால் நினைவூட்டல் போதும்.

பீகார் மாணவர்கள் இங்கே பதிவு செய்தால் அங்கே இருக்கும் பதிவு நீங்கும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். அங்கே ஏற்கெனவே பெயர் இருந்தால் அவர்களுக்கும் படிவம் 8தான். இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் வசதி மாணவர்களுக்கு இன்றைக்கு இல்லை. 72 தொகுதிகளைக் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசியது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது அங்கேயே நின்றது. அஞ்சல் வாக்கு, இணைய வாக்கு என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி யாரும் ஊருக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

ஓஎம்ஆர்மனிதவளம்:

விடுப்பு: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி (135B). வணிகம், தொழில், எந்த நிறுவனமானாலும் வாக்குரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு. வேலை செய்யும் இடம் ஒரு தொகுதி, ஓட்டு இன்னொரு தொகுதி என்றாலும் உண்டு என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், அது போதாது என்பது என் கருத்து. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெருத்த நஷ்டமோ ஏற்படக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

நடைமுறையில் தகராறு வருவது ஷிப்டில். இரவு ஷிப்ட் முடித்து காலை ஆறு மணிக்கு வருபவர் "லீவு கொடுத்தாச்சு" என்ற கணக்கில் வருவார், ஆனால் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர முடியாது. முந்தைய இரவு ஷிப்டை மாற்றித் தரும்படி இரண்டு வாரம் முன்பே மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் கடைசி நாளில் மறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு வந்தால் நீண்ட வார இறுதி என்று சுற்றுலா போகிறார்கள் என்ற குறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2024 ஏப்ரல் 19 வெள்ளிதான். அதே ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலை நவம்பர் 20, புதன்கிழமை வைத்ததற்கு நகரத்து வாக்காளர்களை மனதில் கொண்டதே காரணம் என்று ஆணையமே சொன்னது. ஆனால் வெளியூரில் ஓட்டு உள்ளவருக்கு வெள்ளியும் திங்களும்தான் வசதி. புதன்கிழமை என்றால் கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்ப மூன்று நாள் விடுப்பு ஆகும். ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது, தேர்தல் அறிவிப்போ பல சமயம் அதற்கும் பிறகுதான் வருகிறது. தேதி வந்த அன்றே டிக்கெட் எடுக்காதவர் ஊருக்குப் போவது கடினம். உங்கள் விடுதியில் பத்து இருபது பேர் ஒரே ஊர்ப் பக்கம் என்றால் சேர்ந்து வண்டி பேசுவது நல்லது.

மைவிரல்:

நோட்டாவைப் பற்றி. 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்த பொத்தான் அது. என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மாணவர்களுக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். எண்ணப்படும், அறிவிக்கப்படும். முடிவை மாற்றாது. நோட்டா முதலிடம் பிடித்தாலும் வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர். டெபாசிட் கணக்கிடும்போதும் அது செல்லத்தக்க வாக்கில் சேராது. 2024இல் இந்தூர் தொகுதியில் 2,18,674 நோட்டா விழுந்தது, வென்றவரின் வெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் இருப்பதைவிட இது மேல். வராதவரைச் சோம்பல் என்று எழுதிவிடுவார்கள். நோட்டா போட்டவரை அப்படி எழுத முடியாது. ரகசியமும் காக்கப்படுகிறது, அவர் பெயரில் இன்னொருவர் வாக்களிக்கும் வழியும் அடைபடுகிறது.

"ஒரு ஓட்டால என்ன ஆயிடும்" என்பவருக்குச் சொற்பொழிவு வேண்டாம், தியாகராய நகரைக் காட்டுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 137 வாக்கு. வாக்களிக்காதவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். 2016இல் ராதாபுரத்தில் 49. ராஜஸ்தானில் 2008இல் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு வாக்கில்.

"யார் வந்தாலும் ஒண்ணுதான்" என்பது வேறு பேச்சு. அது அலட்சியம் அல்ல, அனுபவத்திலிருந்து வரும் கசப்பு. அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் சொத்து, கடன், நிலுவை வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தருகிறார். ஆணையத் தளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். உங்கள் மாவட்டத் தொகுதி ஒன்றின் முதல் நான்கு வேட்பாளர் பத்திரங்களை அச்சிட்டு, ஒரு வகுப்பு நேரம் முழுக்க மாணவர்களைப் படிக்க விடுங்கள். போன தேர்தலில் அதே ஆள் தந்த பத்திரத்தையும் பக்கத்தில் வையுங்கள், சொத்து வரிசையை அவர்களே ஒப்பிடட்டும். கட்சி பேச வேண்டாம், நீங்கள் எந்தக் கருத்தும் சொல்ல வேண்டாம்.

உள்ளாட்சித் தேர்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள். குப்பை வண்டி, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் அங்கே முடிவாகிறது. 21 வயதில் அவர்களே நிற்கலாம். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 ஆக வேண்டும்.

வாக்குச்சாவடியில் முதல்முறை போகிறவர்கள் திரும்பி வந்துவிடும் இடங்கள் சில உண்டு. கல்லூரி அடையாள அட்டை செல்லாது. ரேஷன் அட்டையும் செல்லாது. 2019 முதல் பூத் சிலிப்பைத் தனி ஆவணமாக ஏற்பதில்லை. ஓட்டர் ஐடி இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் இவற்றில் ஒன்றின் அசல் வேண்டும். கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டோ அணைத்துவிட்டோதான் போக வேண்டியிருக்கும் என்பதால் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே முதல் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை இட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டு தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு 7 நொடி தெரியும். பீப் ஒலி வரும்வரை நகரக் கூடாது. பதற்றத்தில் அரைகுறையாக அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

"உங்க ஓட்டு விழுந்துடுச்சே" என்று சொன்னால் அழுதுகொண்டு திரும்ப வேண்டாம். தேர்தல் நடத்தை விதி 49பி (49P) என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள். அடையாளத்தைச் சரிபார்த்துக் காகித வாக்குச்சீட்டு தருவார், அது தனி உறையில் போகும். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு வந்தால் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும்.

பாகம்எண்112:

ஒண்ணு விட்டுப்போச்சு. தேர்தல் அறிவிச்ச பிறகும் பெயர் சேர்க்கலாம், ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிடும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விடணும் என்பதால் அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாடி வந்த விண்ணப்பத்தைத்தான் எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் போட்டா அடுத்த தேர்தலுக்குத்தான்.

முகாம் முடிஞ்சு பதினைந்தாம் நாள், அந்தக் குறிப்பு எண் நோட்டை எடுத்து ஒவ்வொண்ணா நிலவரம் பாருங்க. 'பி.எல்.ஓ. நியமனம்' என்பதிலேயே நின்னா, அந்தப் பாகத்தின் பி.எல்.ஓ. எண் தளத்திலேயே இருக்கும், பிள்ளையே பேசட்டும். எடுக்கலைன்னா அந்த மாவட்ட எஸ்.டி.டி. எண்ணோட 1950. 'நிராகரிப்பு' வந்தா காரணத்தைப் படிச்சுட்டு அதைச் சரிபண்ணி மறுபடி போடுறதுதான் வேகமான வழி. காரணமே தப்புன்னா உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. விடுதி முகவரியில் போடுற வெளிமாநிலப் பிள்ளைங்க விண்ணப்பம் மட்டும் உங்க உள்ளூர் பி.எல்.ஓ.விடமே வரும். முகாமுக்கு அவரையே கூப்பிட்டு உட்கார வைச்சீங்கன்னா விசாரணையும் அன்றைக்கே முடிஞ்சிடும்.